உடனே தெரிவித்தார்

போன மாதம் எதிர்வீட்டு ரெஜினா ஒரு தட்டு நிறைய ஏத்தங்காய் சிப்ஸோடு வந்தாள். ரெஜினா தட்டோடு வந்தால் பின்னாலேயே ஒரு காரியமும் வரும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "சொல்லு, என்ன காரியம்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரி பேரு போட்ட பேப்பர் ஒண்ணு வீட்டுல கெடக்குமா?"

அவள் மகள் அனிஷா கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிறது. காலையில் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்புகிறாள். சாயங்காலம் அதே உடுப்போடு எழுந்திருக்கிறாள்.

"எல்லாவனும் ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்கியான். வேலை தந்தாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்? கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு சொன்ன கதையால்லா இருக்கு. நீங்க இத்தன வருஷம் கம்ப்யூட்டர் ரூமுக்குத் தலைவியா இருந்திய. உங்களுக்குக் கீழ ரெண்டு வருஷம் வேலை பாத்தான்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க. ஊருல எல்லாரும் செய்யியதுதானே."

எனக்குக் கோபம் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு வரும் கோபத்தில் கொஞ்சம் நீளம் அதிகம். என் கையெழுத்தின் மதிப்பு என்ன, பொய்ச் சான்றிதழோடு போகிறவளுக்கு உள்ளே என்ன நடக்கும், நான் எப்படி ஒரு வருடம் நாயாய் உழைத்து என் அனுபவச் சான்றிதழை வாங்கினேன் என்று ரெஜினாவை நிற்க வைத்துப் பேசினேன். அவள் தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

அவள் போன பிறகு, நான் இவ்வளவு பெருமை பேசிய அந்தச் சான்றிதழை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒற்றைத் தாள், ஆங்கிலத்தில் அடித்தது. அதில் நான்காவது பத்தியில் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ரெஜினாவிடம் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று பட்டது. இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாத கதை அது.

குழித்துறைப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் என் பிழைப்பு முழுவதும். பெயர் வேண்டாம். சேர்ந்தது கம்ப்யூட்டர் வேலைக்கு அல்ல, நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கவுண்டருக்கு. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து பெயர், வயது, ஊர் எழுதுவோம். ஒன்பது வருடம் அப்படிப் போனது. முப்பத்தாறு வயதில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடந்தது. ஷார்ஜாவில் இருந்த என் வீட்டுக்காரர், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் வந்தது. இனி கவுண்டரில் மூன்று பேர் போதும் என்று மேனேஜர் சொன்னார்.

வெளியே போகப்போகும் மூன்று பேரில் நான் ஒருத்தி என்று எனக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து ஒரு டிப்ளமோ முடித்தேன். கம்ப்யூட்டர் ரூமில் உதவியாளர் இடம் ஒன்று போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் விளம்பரத்தின் நகலைத் தள்ளினார். ஒரு வருட அனுபவம் தேவை என்று இருந்தது.

"ஒண்ணு செய்யுங்க," என்றார். "கவுண்டர் சம்பளத்துலயே ஒரு வருஷம் ஷீபா மேடத்துக்குக் கீழ நில்லுங்க. வருஷம் முடியும்போ அவங்க ஒரு சர்ட்டிபிகேட் எழுதுவாங்க. வெளியே இருந்து ஆளுங்க வந்து இன்டர்வியூ வைப்பாங்க. சர்ட்டிபிகேட் நல்லா இருந்தா இடம் உங்களுக்கு. இல்லேன்னா பழைய கவுண்டரும் இருக்காது, சொல்லிட்டேன்."

ஷீபா மேடத்துக்கு வயது இருபத்தைந்து. எனக்குப் பதினொரு வயது இளையவள். குழித்துறைக்காரி, முதுகலை படித்தவள், சுடிதார் துப்பட்டாவின் நுனியில் சாவிக்கொத்தை முடிந்திருப்பாள். நான் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். அவள் என்னைத் தங்கம் அக்கா என்று கூப்பிடுவாள். என் முழுப்பெயர் தங்கபுஷ்பம். அவள் அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் தப்பைச் சொல்வாள் என்பதால், அந்த வருடம் முழுவதும் யாராவது அக்கா என்றாலே என்ன தப்பு என்று தேடுவேன்.

முதல் ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயர் பிடித்தேன், தூசி துடைத்தேன், பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுத்தேன். பழைய நோயாளிகளின் விவரத்தை அட்டையைப் பார்த்து உள்ளே ஏற்றினேன். அதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவள் நான். விரலைப் பார்க்காமல் அடிப்பேன், திரையைக்கூடப் பார்க்காமல் அடிப்பேன். அது பெரிய சாமர்த்தியம் என்று அப்போது நம்பியிருந்தேன்.

ஷீபாவிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. சொல்லித்தரும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். நான் எவ்வளவு தடுமாறினாலும் கீபோர்டைப் பிடுங்கமாட்டாள். ஒரு தடவை ஒரு சின்ன வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்தேன். அவள் அசையாமல் நின்றாள், கால் வலித்திருக்கும். பிடிக்காத குணமும் ஒன்று உண்டு. அதைச் சொல்ல அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்றில்தான் ஆஸ்பத்திரியின் அத்தனை நோயாளிகளின் விவரமும் உயிரோடு இருக்கும். கவுண்டரும் டாக்டர் அறைகளும் அதிலிருந்துதான் எடுக்கும். அதற்கு ஷீபா வைத்த பெயர் மூத்தவள். இரண்டாவது பெட்டி இளையவள். தினமும் சாயங்காலம் மூத்தவளில் உள்ளதை அப்படியே இளையவளுக்குக் காப்பி எடுப்போம். மூத்தவளுக்கு ஏதாவது ஆனால் இளையவள் கைகொடுப்பாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு. நடுவில் திருகுகிற ஒரு சுவிட்ச். இடது பக்கம் திருகினால் மூத்தவள், வலது பக்கம் திருகினால் இளையவள். காப்பி எடுக்கும் கட்டளை இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் பெட்டியில் நிற்கிறோமோ, அதில் இருப்பது அடுத்த பெட்டிக்குப் போய் அங்கே இருப்பதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் ஷீபா ஒரு சட்டம் வைத்திருந்தாள். கட்டளை கொடுக்கும் முன், திரையின் மேல் மூலையில் சின்னதாகத் தெரியும் பெயரைப் பார்த்து, "மூத்தவள்ல நிக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் போதாது, அறையில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நோட்டில் எழுத வேண்டும்: எங்கே நிற்கிறேன், என்ன செய்யப்போகிறேன், தப்பாகப் போனால் எப்படித் திரும்பி வருவேன். அதற்குப் பிறகுதான் விரல்.

முப்பத்தாறு வயதுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரு சின்னப் பெண் முன்னால் நின்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி "மூத்தவள்ல நிக்கேன்" என்று சொல்வதற்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அவள் இருக்கும்போது சொல்வேன். இல்லாதபோது முணுமுணுப்பேன். நாளாக ஆக உதடு மட்டும் அசையும்.

என் வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது. ஐப்பசி மாதத்து இடி ஒன்றில் இளையவள் உயிரைவிட்டாள். மெக்கானிக் எடுத்துக்கொண்டு போனான். வேறு ஏற்பாடு செய்து காப்பி எடுக்க ஷீபா ஒரு டிஸ்க் கேட்டாள், மேனேஜர் பிறகு பார்க்கலாம் என்றார். இளையவள் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அன்றைக்கு ஷீபா லீவு, அவளுக்கு நிச்சயதார்த்தம். முந்தின சனிக்கிழமையே என்னிடம், "பெட்டி வந்த உடனே ஒரு காப்பி எடுத்துப் போடுங்கக்கா, மூணு வாரமாச்சு, எனக்கு மனசு கேக்கேல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மெக்கானிக் வந்து பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து வயர்களைச் சொருகிவிட்டுப் போனான். சுவிட்சில் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சொருகியிருந்தான். பார்த்தால் தெரியாது. திரையில் பெயரைப் பார்த்தால் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கவுண்டர் லில்லியும் இன்னும் இரண்டு பேரும் டீ கிளாஸோடு எட்டிப்பார்த்தார்கள். லில்லி என்னோடு ஒன்பது வருடம் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவள். "கம்ப்யூட்டர் மேடம் தனியாட்டு இருக்கிய போல! இன்னைக்கு நீங்கதான் இங்க ராணியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர்கள் முன்னால் "மூத்தவள்ல நிக்கேன்" என்று சொன்னால் ஒரு மாதத்துக்கு அதை வைத்தே ஓட்டுவார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இடது பக்கம் திருகினேன், பார்க்காமலே கட்டளையை அடித்தேன். ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதவா என்று அது கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்பதற்கு ஒரு எழுத்து. அதையும் அடித்தேன். "அய்யோ, பாக்காம அடிக்கியாளே!" என்று லில்லி வியந்தாள்.

அவர்கள் போய் ஐந்து நிமிடம் இருக்காது, கவுண்டரிலிருந்து லில்லியின் குரல் வந்தது. "தங்கம், இப்பம் கிட்டத்துல வந்தவிய பேரு ஒண்ணும் வரேல! போன வாரம் வந்தவிய எல்லாம் இல்லைன்னு காட்டுது!"

திரும்பித் திரையின் மூலையைப் பார்த்தேன். இளையவள் என்று இருந்தது.

மூன்று வாரத்துப் பழைய விவரம் போய் மூத்தவளின் மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் வந்த அத்தனை நோயாளிகளும் இல்லை. திரும்பி எடுக்க வேறு காப்பியும் இல்லை. "அய்யா வைகுண்டா" என்று மட்டும் வாயில் வந்தது.

வெளியே மழை. காலையிலிருந்து கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. லில்லி வாசலில் வந்து நின்று, "கரண்டு ஆடினதுல போயிருக்குமோ?" என்று கேட்டாள்.

நான் "ஆமா, கரண்டுதான்" என்றேன்.

அவளாகத்தான் எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். மெஷின் தானாகச் சரியாகும் வரை, பெயர் வராத பழைய ஆட்களையும் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யோசித்தேன் என்று சொன்னால் பொய். சான்றிதழைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில நாளில் ஷீபா எழுத வேண்டிய அந்தத் தாள், வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதர், பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள். நோட்டு என் முன்னால் திறந்து கிடந்தது. அன்றைய பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் ஐப்பசியில் கரண்டு மேல் பழி போட்டால் நம்பாதவர் யார்? அப்படியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இப்போது கேட்டால் அரை மணி நேரம் என்பேன்.

கவுண்டரில் சத்தம் கேட்டுத்தான் எழுந்து போனேன். குளச்சலிலிருந்து வந்த ஒரு அம்மா லில்லியோடு சண்டை போட்டுவிட்டு, புதுச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். மீன் ஏலத்தில் நின்று பழகிய குரல். "ரெண்டு வாரத்துக்கு முன்னால வந்தேன், என் பேரு இல்லியாம்! நான் செத்தா போனேன்?" அந்தக் குரலில் அவர் பெயர் ஞாபகம் வந்தது. அமலோற்பவம். காலில் முள் குத்திப் பழுத்து வந்தவர். பெயர் அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான்தான் அவர் விவரத்தை ஏற்றினேன். மீண்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான், அவர் விவரத்தில் ஏற்றிய மற்றொரு வரி ஞாபகம் வந்தது. அதை மட்டும் சிவப்பில் போட்டிருந்தேன். பென்சிலின் சோதனை ஊசிக்கே முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஒரு இரவு முழுக்க வைத்துப் பார்த்த ஆள் அவர். புதுச் சீட்டில் அந்தச் சிவப்பு வரி இல்லை.

அந்த வராந்தாவில் நான் ஓடியதை இப்போதும் சிலர் சொல்வார்கள். ஊசி போடும் அறையில் அமலோற்பவம் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் சோதனை ஊசியை எடுத்து மேலே பிடித்துக் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். "போடாண்டாம்!" என்று நான் கத்தியதில் நர்ஸின் கையிலிருந்தது கீழே விழுந்தது.

"இவங்களுக்கு இது ஆகாது. போன தடவை சோதனை ஊசிக்கே மூச்சு முட்டிச்சு."

நர்ஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீட்டுல ஒண்ணும் இல்லையே. ஏம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அமலோற்பவம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பயமே வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே. இந்தப் பிள்ளதான் எழுதிச்சு. நீங்க எழுதி வச்சிருக்கியல்லா, பின்ன நான் எதுக்குச் சொல்லணும்?"

நேரே டெலிபோன் ஆபரேட்டரிடம் போய் ஷீபா வீட்டு நம்பரைக் கேட்டேன். மறுமுனையில் கூட்டச் சத்தம், பாத்திரச் சத்தம். ஷீபா வந்து எடுத்தாள்.

"மேடம், நான் தப்பா காப்பி எடுத்துட்டேன்."

"எந்தப் பெட்டில நின்னிய?"

"இளையவள்ல."

"பேரப் பாத்தியளா?"

"இல்ல."

"செரி. பயப்படாண்டாம். அழுதா நான் பேசியது கேக்காது, சொல்லியத எழுதுங்க. கவுண்டர் மெஷின நிறுத்தச் சொல்லுங்க, இன்னைக்குச் சீட்டு கையால. ஒவ்வொரு டாக்டர் ரூமுக்கும் நீங்களே நேர்ல போங்க. ஆள் அனுப்பாண்டாம், நீங்களே போங்க. ஸ்கிரீன நம்பாண்டாம், ஆளுட்ட வாயால கேளுங்கன்னு சொல்லுங்க. மூத்தவள யாரும் தொடப்படாது. நோட்டுல எழுதிட்டியளா?"

"இல்ல மேடம்."

"எழுதுங்க."

ஏழு டாக்டர் அறை. ஏழு தடவை ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: நான் தப்பாகக் காப்பி எடுத்ததால் மூன்று வாரத்து விவரம் அழிந்துவிட்டது. ஒருவர் திட்டினார், ஒருவர் சிரித்தார், ஒரு பெண் டாக்டர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஏழாவது அறைக்கு வரும்போது என் குரல் நடுங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஷீபா வந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய பிச்சிப்பூ, நெற்றியில் யாரோ தீற்றிய சந்தனம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்ததும் பஸ் ஏறியிருக்கிறாள். நேரே மூத்தவள் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, என்னை உட்காரச் சொன்னாள். அப்போதும் கீபோர்டை அவள் தொடவில்லை. நான் எழுதிய பக்கத்தை வாசித்தாள். என்ன கட்டளை, எந்தப் பெட்டி, ஏன் பார்க்கவில்லை, எல்லாம் எழுதியிருந்தேன். லில்லியிடம் சொன்ன கரண்டை மட்டும் எழுதவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்திருந்த நேரத்தையும் எழுதவில்லை.

கவுண்டரில் பழக்கதோஷத்தால் லில்லி இன்னும் பேரேடு எழுதிக்கொண்டிருந்தது எங்களைக் காப்பாற்றியது. அதை வைத்தும், டாக்டர்களின் பழைய சீட்டுகளை வைத்தும் பதினோரு நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். ஷீபா வாசிப்பாள், நான் அடிப்பேன். இந்தத் தடவை திரையைப் பார்த்து அடித்தேன். சிவப்பு வரிகளை முதலில் முடித்தோம்.

பன்னிரண்டாம் நாள் சான்றிதழைக் கொடுத்தாள். முதல் மூன்று பத்தியும் நல்ல வார்த்தைகள். நான்காவது பத்தியைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பயிற்சிக் காலத்தில் ஒரு முறை தவறான பெட்டியிலிருந்து காப்பி எடுத்து மூன்று வார விவரத்தை அழித்தார், தவறை உடனே தெரிவித்தார், அனைத்தையும் மீட்கும் வரை உழைத்தார் என்று இருந்தது.

"மேடம், இதக் கொண்டு போனா எவன் வேலை தருவான்? என் குடும்பத்துக்கு மண்ணள்ளிப் போடுதியளே!"

"அக்கா, இந்த ஒரு வருஷத்துல வேற என்னத்த எழுத? பிரிண்டர்ல பேப்பர் இழுத்தத எழுதவா?" என்றாள்.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் முதல் மூன்று பத்தியைத் தாண்டிப் போனார். நான்காவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த நேரத்துல உடனே போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நிறைய பேரு சொல்ல மாட்டாங்கம்மா," என்றார். வேலை கிடைத்தது.

அந்த "ஆமா"வின் மேல்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள், இந்த வீடு நிற்கிறது. ஷீபா கல்யாணமாகி இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் அந்த அறையிலேயே இருந்து தலைவியாகி ஓய்வு பெற்றேன். இடையில் எத்தனையோ தப்பு செய்தேன். எதையும் மறைத்ததில்லை. தப்பு நடந்த அடுத்த நிமிடம் போனை எடுத்துவிடுவேன், ஜூனியர்கள் பயந்துபோகும் அளவுக்கு. அது குணம் என்று அவர்கள் நினைத்தார்கள். தாளில் இருந்த உடனே என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தவள் நான். தனியாக இருக்கும்போதும் பெட்டியின் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். விவரமெல்லாம் எங்கோ தொலைவில் உள்ள கம்ப்யூட்டர்களில் போய்ச் சேர்ந்த காலத்திலும், மூத்தவளும் இளையவளும் பழைய இரும்புக்குப் போன பிறகும் சொன்னேன்.

ரெஜினாவைத் திட்டி அனுப்பிய அன்றைக்கு, தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஷீபாவைக் கூப்பிட்டேன். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். வருடம் ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குப் பேசுவோம். காலமில்லாத காலத்தில் கூப்பிட்டதும் பயந்துவிட்டாள்.

"ஷீபா, அந்தச் சர்ட்டிபிகேட்டுல உடனேன்னு எழுதியிருக்கல்லா. அது உண்மை இல்ல. கரண்டு போச்சுன்னு லில்லிட்ட சொல்லிட்டு அரை மணிக்கூர் சும்மா இருந்தேன். அதுக்கப்புறந்தான் உனக்குப் போன் போட்டேன்."

"அரை மணிக்கூர் இல்லக்கா, நாப்பத்திரண்டு நிமிஷம்," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"காப்பி முடிஞ்ச நேரம் மெஷின்ல இருந்துதே. போன் போட்ட நேரம் ஆபரேட்டர் நோட்டுல இருந்துது. அன்னைக்குச் சாயங்காலமே பாத்தேன்."

"பின்ன எதுக்கு உடனேன்னு எழுதின?"

"எழுதும்போ கை நிக்கத்தான் செய்துது. மூணு வாரம் காப்பி இல்லாம விட்டது நான். மெக்கானிக் வயர் சொருகும்போ நிக்காம லீவு போட்டதும் நான். அத எங்கயும் எழுதேல. நீங்க ஏழு ரூமுக்கும் போனிய. நாப்பத்திரண்டுன்னு எழுதினா உங்கள எடுக்கமாட்டாவ. உடனேன்னு எழுதிட்டேன் அக்கா. நானும் இன்னைக்கு வரைக்கும் யாருட்டயும் சொன்னதில்ல."

போனை வைக்கும் முன் அனிஷாவைப் பற்றிச் சொன்னேன். "அனுப்புங்க, கம்ப்யூட்டர் முன்னால உக்காத்தி வச்சுப் பாக்கேன். பேப்பர் ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

அன்று சாயங்காலம் பேனாவை எடுத்து, நான்காவது பத்தியில் அந்த ஆங்கிலச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே தமிழில், நாற்பத்திரண்டு நிமிடம் கழித்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருடப் பழைய தாளில் புது மை பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் ரெஜினா வீட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் தட்டு கொடுக்கக்கூடாது என்று கொஞ்சம் முந்திரிக்கொத்துப் பலகாரம் வைத்திருந்தேன். ரெஜினா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். திருவனந்தபுரம் விஷயத்தைச் சொன்னதும் முகம் இளகியது. "அப்போ லெட்டர் வேண்டாமா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அனிஷா, "அனுபவச் சான்றிதழ்னா எப்படி மாமி இருக்கும்? நான் நெட்டுல உள்ளதத்தான் பாத்திருக்கேன்," என்றாள். கையோடு கொண்டுபோயிருந்த தாளைக் கொடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு பத்தியாக வாசித்தாள். நான்காவதில் நின்றாள். அடித்திருந்த சொல்லின் மேல் விரலை வைத்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இந்த நாப்பத்திரண்டு நிமிஷமும் நீங்க என்ன செய்திய மாமி?"

இருபத்தைந்து வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"கரண்டு போச்சுன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன் மக்கா," என்றேன்.